டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு

சென்ற கார்த்திகை மாதம் எனக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்தது நம் சங்க அன்பர்கள் பலருக்கும் தெரியும். ஹப்சிகுடாவில் எங்கள் வீடு தேடி வந்து நலம் விசாரித்தவர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள். "முதுகில் கத்தி வைத்தால் நடமாட்டம் போய்விடும் என்கிறார்களே?" "இனி பழையபடி இருக்க முடியுமா?" ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவே.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலித்தபோது வாயுப் பிடிப்பு என்று நினைத்து, எண்ணெய் தடவிச் சுளுக்கு எடுத்துக்கொண்டேன். சில நாளில் இடது செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. விழுந்ததே தெரியாமல் நாலடி போய்விடுவேன். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் "சார், செப்புலு!" என்று கூவியபோதுதான், இது பிடிப்பல்ல என்று உறைத்தது.

நம் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நுங்குபோல ஒரு பொருள். வளையம் கிழிந்தால் உள்ளே இருப்பது பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்துகிறது. கோளாறு இடுப்பில், வலி காலில் என்பது இதனால்தான். 1934-ல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்தத் தொடர்பு மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்டது. எனக்கு நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே பிதுங்கியிருந்தது. கால் பெருவிரலைத் தூக்குகிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது.

இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். எனக்குப் பாதத்தில் பலம் குறைந்துகொண்டே போனதால்தான் கத்தி தேவைப்பட்டது. தண்டுவடம் முதல் இரண்டு இடுப்பெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்புகள். ஆகவே கீழ் இடுப்பில் செய்யும் ஆபரேஷனால் இரு கால்களும் விழுந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, மலஜலம் அடக்க முடியாவிட்டாலோ, பிட்டமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஆபரேஷனுக்கு மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். மாதக் கணக்கில் படுத்துக் கிடந்ததெல்லாம் பழைய காலம். படுக்கையிலிருந்து எழுவதைத்தான் புதிதாகக் கற்றுக்கொண்டேன்: முதுகைத் திருகாமல், உருளும் கட்டைபோல மொத்தமாக ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். உட்காருவதுதான் ஆகாது. நிற்பதைவிட உட்காரும்போது டிஸ்க்கின் மேல் அழுத்தம் கூடுகிறது என்பதை ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960-களிலேயே அளந்து காட்டியிருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் நான் நின்றுகொண்டே பேசுவேன். மரியாதைக்காக அவர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள். நிறையப் பேர் காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனீர்கள், மன்னிக்கவும்.

நடைதான் மருந்து. முதல் வாரம் கூடத்துக்குள்ளேயே நடந்தேன். பிறகு தெருமுனை வரை. ஆறாவது வாரம் மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டே என்.ஜி.ஆர்.ஐ. வரை போய் வந்தேன். வீட்டில் அரிசி டப்பா கீழ்த்தட்டிலிருந்து இடுப்புயர மேடைக்கு ஏறியது. குளிக்க அரை வாளிதான் தூக்குகிறேன். தரையில் இலை போட்டுச் சாப்பிடுவது நின்றுபோயிற்று. பெரியவர்களுக்கு நின்றபடியே நமஸ்காரம்.

இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாதது ஒன்றுதான். சென்னையிலிருந்து வந்த மூன்று வயதுப் பேரன் "தாத்தா, தூக்கு!" என்று இரு கையையும் நீட்டினான். நான் தூக்கவில்லை. இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை அவன். பிறகு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள்: நான் கட்டிலில் சாய்ந்திருக்க வேண்டியது, அவனாக ஏறி வந்து மடியில் உட்கார வேண்டியது.

படுத்திருந்த நாட்களில் டாக்டர் மேரி வர்கீஸை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தன. என் கோளாறு அதன் பக்கத்தில்கூட வராது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கு அவரே காரணம். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. அதன் அருமை இப்போது எனக்கும் என் மனைவிக்கும் நன்றாகப் புரிகிறது.

ஆபரேஷன் முடிந்த அன்றே கால்வலி போய்விட்டது. மரமரப்பு போகவில்லை. சேதமான நரம்பு இழை நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். இடுப்பிலிருந்து பெருவிரல் வரை தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் பழைய செருப்புதான். அது இன்னும் எப்போதாவது கழல்கிறது; ஆனால் கழலும்போதே தெரிந்துவிடுகிறது.