‘எம் பிள்ளையை மாத்திக் குடுங்க’ன்னு கேட்டா டாக்டர் என்ன செய்யணும்? கவுன்சலிங் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய உரிமைகள்

தாம்பரம்:

தீர்ப்பு சொல்ல வேண்டிய நீதிபதியே, மனநல ஆலோசகர் முன்பு மாணவர் மாதிரி உட்கார்ந்து பாடம் கேட்டார். இது சினிமா காட்சி இல்லை. 2021-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு வழக்கு ஒன்றில் நிஜமாகவே நடந்தது. திருநங்கைகள், ஒரே பாலின ஜோடிகள் மனநல சிகிச்சைக்குப் போகும்போது அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இன்று வரை கைகொடுப்பது அந்த வழக்குதான்.

என்ன வழக்கு?

மதுரையைச் சேர்ந்த 2 இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு கிளம்பியது. இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். ‘பொண்ணைக் காணோம்’ என்று பெற்றோர்கள் போலீசில் புகார் கொடுத்தனர். போலீஸ் தேட ஆரம்பித்ததும், பாதுகாப்பு கேட்டு பெண்கள் இருவரும் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அந்தப் பெண்களையும் அவர்களின் பெற்றோரையும் மனநல ஆலோசகர் வித்யா தினகரனிடம் பேச அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. தனக்கும் இந்த விஷயத்தில் முழுத் தெளிவு இல்லை, தீர்ப்பு மனசிலிருந்து வர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அவரும் அதே ஆலோசகரிடம் போனார். 2021 ஜூன் 7-ந்தேதி உத்தரவு வந்தது. ஒரே பாலின ஈர்ப்பு உள்ளவர்களையும், திருநங்கை, திருநம்பிகளையும் ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை செய்யக் கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் கூறினார்.

‘மாத்துற’ வைத்தியம் ஏன் தப்பு?

மாத்திரை, ஷாக், மிரட்டல், அவசரக் கல்யாணம் என்று பல ரூபத்தில் இந்த ‘வைத்தியம்’ நடந்து வந்தது. நோய் இருந்தால்தானே மருந்து? ஒரே பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ந்தேதியே எடுத்துவிட்டது. 2018 செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, அது குற்றமும் இல்லை என்று தீர்ப்பு கூறியது. இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்தால் மிச்சம் என்ன? பயமும், குற்ற உணர்ச்சியும், ‘செத்துப் போகலாமா’ என்ற எண்ணமும்தான்.

ஐகோர்ட்டு கேட்டதைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-ம் ஆண்டு ஒரு உத்தரவு போட்டது. ‘மாற்றும் சிகிச்சை’ செய்யும் டாக்டர் தொழில் ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று அது அறிவித்தது. அப்படிப்பட்ட டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

சட்டம் எல்லாருக்கும்தான்

இது திருநங்கைகள் பிரச்சினை மட்டும் இல்லை. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் 18-வது பிரிவு, பாலினம், பாலியல் ஈர்ப்பு, மதம், சாதி, வசதி, ஊனம் என்று எந்தக் காரணத்தைக் காட்டியும் மனநல சிகிச்சையில் பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிறது.

3-வது பிரிவு இன்னும் முக்கியமானது. ஊர் வழக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று முத்திரை குத்த முடியாது. வேற சாதியில் காதலிக்கும் பொண்ணு, சேலை கட்டிக்கொள்ளும் பையன், கோவிலுக்கு வர மறுக்கும் மருமகள் யாராக இருந்தாலும், ‘புத்தி சரியில்லை’ என்று அந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்க சட்டத்தில் இடமில்லை.

தாம்பரத்துக்குப் புதுசு இல்லை

இந்தப் பாடத்தைத் தாம்பரம் வேறு விதத்தில் ஏற்கனவே படித்திருக்கிறது. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம் ஆஸ்பத்திரி, 1993-ல் இருந்து எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்தது. பல இடங்களில் அவர்களைத் தொடவே பயந்த காலம் அது. 2004 ஏப்ரலில் அரசு இலவச கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது, நாட்டிலேயே முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்தோடு கவுன்சலிங்கும் சேர்ந்தே வந்தது. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை தரும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்றே பெயர். ‘எப்படி வந்துச்சு, யார்கிட்ட போனே?’ என்று குற்றவாளியை விசாரிப்பது போல் கேட்டால் நோயாளி மறுபடி வர மாட்டார். மருந்தும் பாதியில் நின்றுபோகும். மனசுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்திலும் இதே கணக்குதான்.

அறைக்குள் என்ன மாறணும்?

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி பக்கம் இன்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்த்தால் கவுன்சலிங் வேலைக்கு ஆகாது.

* பெயர்: திருநங்கை ஒருவர் வந்தால், ஆதார் கார்டில் இருக்கும் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடக் கூடாது. ‘உங்களை எப்படிக் கூப்பிடணும்?’ என்று முதலில் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற 2 கட்டம் மட்டும் இருந்தால் போதாது.

* வந்த காரணம்: தூக்கம் வரவில்லை என்று வந்தவரிடம் தூக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?’ என்று கேட்பதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை.

* மொழி: வட மாநிலத் தொழிலாளிக்கு மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைப்பது பெரிய தப்பு. கஷ்டமே மேஸ்திரியாக இருந்தால் அவர் எப்படி வாயைத் திறப்பார்? சிகிச்சை விவரத்தை அவரவருக்குப் புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது சட்டம் கொடுத்த உரிமை.

* மதம்: ரம்ஜான் நோன்பு இருப்பவர் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஆபத்து. ‘நோன்பை விடு’ என்று அதட்டினால் அவர் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். சஹர், இப்தார் நேரத்துக்கு மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரே முன்கூட்டி பேசிவிட வேண்டும்.

* சாதி: வேலை இடத்தில் சாதி சொல்லி அவமானப்படுத்துகிறார்கள் என்று ஒருவர் சொல்லும்போது, ‘இப்பல்லாம் யாரு சாதி பார்க்கிறா’ என்று ஆலோசகர் சொன்னால் அங்கேயே கதவு மூடிவிடும்.

பெத்தவங்க என்ன செய்யலாம்?

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா, அம்மா எதிரிகள் இல்லை. ‘ஊர் என்ன சொல்லும், நமக்கு அப்புறம் இவனுக்கு யார் துணை?’ என்ற பயம்தான் அவர்களைத் துரத்துகிறது. அதனால்தான் அந்த நீதிபதி பெற்றோரையும் கவுன்சலிங்குக்கு அனுப்பினார். ‘எம் பிள்ளையை மாத்திக் குடுங்க’ என்று கேட்பவர்களிடம் நல்ல டாக்டர், ‘மாத்த முடியாது, மாத்தவும் தேவையில்லை. உங்க பயத்தைப் பேசலாம், உட்காருங்க’ என்றுதான் சொல்வார். விரட்டினால் அவர்கள் நேராகப் போய் நிற்பது மந்திரவாதி வீட்டில்.

போகும் முன் கேளுங்க

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம். ‘நான் சொல்வது வீட்டுக்குப் போகுமா?’ என்றும் கேட்கலாம். ரகசியம் காப்பது உரிமை என்று சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டுமே விதிவிலக்கு. பதில் சொல்லக் கோபப்படுகிறார் என்றால் வேற இடம் பார்ப்பது நல்லது.

காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகத்திலும் சிகிச்சை பெறலாம். 14416 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை நாடு முழுவதும் இருக்கிறது. தமிழ் மட்டும் இல்லாமல் இந்தி, வங்காளம் உள்பட பல மொழிகளில் பேசலாம் என்பதால், பக்கத்து ரூமில் தங்கியிருக்கும் வட மாநிலத் தம்பிக்கும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.