மோதல் சோதனை காருக்கு மட்டும்தானா?

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே காரைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே உட்கார்த்தி வைத்த பொம்மையின் தலையில் எவ்வளவு அடி விழுகிறது என்று அளக்க வசதி உண்டு. அந்தக் கணக்குக்குத் தலைக்காய அளவுகோல் என்று பெயர்; சுருக்கமாக எச்.ஐ.சி. அது 1000-ஐத் தாண்டினால் ஆபத்து. 2023 அக்டோபரில் தொடங்கிய ‘பாரத் என்கேப்’ மதிப்பீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை அளவிலான பொம்மைகளையும் பின்சீட்டில் கட்டிவைத்துச் சோதிக்கிறார்கள்.

கார் விபத்து ஆராய்ச்சியில் உருவான அந்த 1000, விளையாட்டு மைதானத்துக்கும் வந்துவிட்டது. சறுக்கு, ஏணிகளின் கீழே போடும் மெத்தைத் தரைக்கு ஐரோப்பியத் தரமான இ.என். 1177 வைத்திருக்கும் எல்லையும் அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் காரும் டயரும் செல்போனும் செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. வெயிலில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? ஏ.சி. போட்ட ‘பிளே ஏரியா’ கைகொடுக்கிறது. மாடி மாடியாக வலை, குழாய்ச் சறுக்கு, பந்துக் குளம், டிராம்போலின். டிக்கெட் எடுத்து, சாக்ஸ் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டால் பெற்றோருக்கு ஒரு மணி நேரம் நிம்மதி. அந்த நிம்மதிக்கு உத்தரவாதம் தரவேண்டியவர் விளையாட்டுச் சாதன ஆய்வாளர்.

தவழ்ந்து பார்க்கும் வேலை

பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் வேலை தொடங்கிவிடும். பையில் டார்ச், டேப், சிறு கண்ணாடி, சில அளவுக் கட்டைகள். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. நாலு வயதுப் பிள்ளை போகிற வழியிலெல்லாம் அவரும் முட்டி தேயத் தவழ்ந்து போகவேண்டும்.

முதல் கவலை இடைவெளி. பிள்ளைகள் காலை முதலில் நுழைத்து இறங்குவார்கள். உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும், கழுத்தில் தொங்குவார்கள். 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்து இப்படி ஆளைப் பிடிக்கும். அதற்குத்தான் அந்தக் கட்டைகள். சிறிய கட்டை நுழைந்து, தலை அளவுள்ள பெரிய கட்டை நுழையாவிட்டால் அந்தச் சந்தை அடைத்தாக வேண்டும்.

அடுத்தது சறுக்கின் தலைமாடு. பலகையும் கம்பியும் சேரும் இடத்தில் நூலிழைச் சந்து இருந்தாலும் போதும், கயிறு சிக்கும். மேலைநாட்டு ஆய்வாளர் ஜாக்கெட் கழுத்துக் கயிற்றை நினைத்துச் சோதிப்பார். நம் ஊரில் தாயத்துக் கயிறு, அரைஞாண், துப்பட்டா, கழுத்துச் செயின். கயிறு சிக்கினாலும் உடம்பு கீழே சறுக்கிக்கொண்டே போகும் என்பதுதான் இதில் பயங்கரம்.

பிறகு வலையைக் கட்டிய பிளாஸ்டிக் டைகளை விரலால் இழுத்துப் பார்ப்பார். பந்துகளை ஒதுக்கி அடித்தரையைத் தடவுவார். குழாய்மேல் சுற்றிய பஞ்சு கிழிந்து இரும்பு தெரிகிறதா, டிராம்போலின் ஸ்பிரிங்கை மூடிய மெத்தை நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தினசரிப் பார்வை, மூன்று மாதத்துக்குள் ஒரு விரிவான சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வு என்று மூன்று அடுக்கு வைத்திருக்கிறது ஐரோப்பிய முறை. முதல் அடுக்கை அங்கே வேலை செய்யும் பையனும் பெண்ணுமே செய்யலாம், பழக்கிவிட்டால்.

யார் அனுப்பிய ஆள்?

நம் ஊரில் இந்த ஆய்வாளர் பெரும்பாலும் உரிமையாளர் பணம் கொடுத்து அழைத்தால்தான் வருவார். கடையில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொது இடத்தில் நிறுவும் விளையாட்டுச் சாதனமோ அந்தப் பொம்மைத் தரத்தின் வரம்புக்கே வெளியே நிற்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 முதல் சட்டம் சொல்லிவருகிறது. ஆலைக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சட்டத்தின் கண் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளை வலைமேல் ஏறும்போது அந்தக் கண் மூடிக்கொள்கிறது.

மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் குஜராத்தின் ராஜ்கோட் காட்டியது. 2024 மே 25, சனிக்கிழமை. கோடை விடுமுறைக் கூட்டம். டி.ஆர்.பி. கேம் ஜோனில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருக்க, தீப்பொறி பறந்தது. உள்ளே எரிபொருளும் இருந்தது. குழந்தைகள் உட்பட 27 பேர் கருகினார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்த இடத்துக்கு இல்லை. மெத்தையில் இருக்கும் பஞ்சு தீப்பிடித்தால் கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். அதனால்தான் நல்ல ஆய்வாளர் சறுக்கைப் பார்ப்பதற்கு முன் இரண்டாவது வாசலைத் தேடுவார். அதன் முன்னால் பிறந்தநாள் பார்ட்டிக்கான நாற்காலிகளை அடுக்கியிருந்தால் அங்கேயே பேனாவை எடுப்பார்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடாது. அதே வழியில், உள்ளரங்க விளையாட்டுக் கூடத்துக்கும் ஆண்டு ஆய்வுச் சான்று கட்டாயம் என்று அரசு சொல்லவேண்டும். அதை டிக்கெட் கவுன்டரில் ஒட்டவும் வைக்கவேண்டும். அதுவரை பெற்றோர் மூன்று காரியம் செய்யலாம்: பிள்ளையின் கழுத்தில் கிடப்பதைக் கழற்றுங்கள், இரண்டாவது வாசல் எங்கே, அது திறக்கிறதா என்று பாருங்கள், கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் டிக்கெட் எடுக்காதீர்கள்.