காட்டு ரோசா விதை: பொறுமையே முதல்

மலைநாட்டின் குளிர் ரோசாவுக்கு உகந்தது. 1861 இல் சிங்கோனாப் பயிருக்காக ஆரம்பிக்கப்பட்ட ஹக்கலைப் பூங்கா இன்று ரோசாவுக்குப் பெயர் பெற்றிருப்பதே அதற்குச் சாட்சி. றொசல்லயிலும் ஹட்டனிலும் வீட்டோடு சிறிது நிலம் வைத்திருக்கும் வியாபாரிகள் சிலர், விதை போட்டு ரோசாக் கன்று விற்றால் இலாபம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்கின்றனர். கிடைக்கும். ஆனால் எந்த விதை, எதற்காக என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடைகளில் விற்கும் பெரிய பூ ரோசாக்கள் கலப்பினங்கள். அவற்றின் விதையை நட்டால் தாயைப் போன்ற பூ வராது. காட்டு ரோசா, அயலில் வேறு ரோசா இல்லாவிட்டால், பெரும்பாலும் தன் இனத்தையே தரும். அதன் பூ சிறியது, ஐந்து இதழ் கொண்டது. பூவுக்காக அதை வாங்குவோர் குறைவு. அதன் பெறுமதி வேரில் இருக்கிறது. விலையுள்ள ரோசாவின் அரும்பை அதில் ஒட்டினால் உறுதியான ஒட்டுக்கன்று கிடைக்கும். ஐரோப்பாவில் கனைனா என்ற காட்டு ரோசாவும், ஜப்பானைச் சேர்ந்த மல்டிபுளோராவும் இவ்வாறே ஒட்டுக்கட்டையாகப் பயன்படுகின்றன.

இவ்விதை குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே முளைக்கும். எமது மலைக் குளிர் அதற்குப் போதாது. எனவே பழம் சிவந்ததும் விதையை எடுத்து, சதை போகக் கழுவி, ஈரமான தும்புத்தூளில் கலந்து, பொலித்தீன் பையில் இட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். 4 அல்லது 5 பாகை செல்சியஸ் போதுமானது. ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது. மல்டிபுளோராவுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 வாரம் எடுக்கும். கனைனாவுக்கு இன்னும் நீண்ட காலம் தேவை. பூஞ்சணம் பிடிக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கவும்.

பின்னர் மணலும் கூட்டெருவும் கலந்த தட்டில் கால் அங்குல ஆழத்தில் விதைக்கலாம். எல்லாம் ஒன்றாக முளைக்காது. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை றொசல்லக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே நாற்றுக்கு மேலே கூரை அவசியம். இலை நனைந்தே இருந்தால் கரும்புள்ளி நோய் வரும்.

தண்டு பென்சில் தடிப்புக்கு வந்து அரும்பொட்டுச் செய்ய ஒரு வருடமளவில் ஆகும். அதுவரை ஒரு சதமும் வராது. எனவே கடன்பட்டு இதில் இறங்க வேண்டாம். என்னுடைய ஆலோசனை, விதையை ஒரு முறை மட்டும் போடுங்கள் என்பதே. நோயுள்ள தாய்ச்செடியின் தண்டை நட்டால் வைரசும் கூடவே வரும். விதைக்கன்றில் அந்த ஆபத்து குறைவு. வளரும் கன்றுகளில் திடமானவற்றைத் தாய்ச்செடியாக வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் முதல் அவற்றின் தண்டுகளை வெட்டி நட்டால் செலவும் காலமும் மிச்சமாகும்.

இரண்டு விடயங்களில் எச்சரிக்கை தேவை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இங்கு நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டு விதையைத் தபாலில் வரவழைக்குமுன் விவசாயத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள். அடுத்தது, மல்டிபுளோரா அமெரிக்காவுக்கு 1866 இல் ஒட்டுக்கட்டையாகவே சென்றது. 1930களில் அரசாங்கமே அதை உயிர்வேலியாக ஊக்குவித்தது. பறவைகள் விதையைப் பரப்ப, இன்று பல மாநிலங்களில் அது ஒழிக்கப்பட வேண்டிய களை. தேயிலை மலைக்கும் ஓடைக்கும் அருகே இருக்கும் நாம் பழத்தைச் செடியிலேயே விட்டுவைக்கக்கூடாது.

விற்கும்போது, ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளை காட்டு ரோசா என்பதையும் அதைக் கிள்ளிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த வருடம் வெள்ளைப் பூவைக் காட்டி வாடிக்கையாளர் ஏமாற்றிவிட்டதாகச் சொல்வார். சொல்லிக் கொடுத்தால் அவரே இன்னொருவரை அழைத்து வருவார்.