ஆடுகிற காருக்கு ஷாக் மாற்றுவது எப்படி?

மாடு, உரம், பூச்சி மருந்து என்று பேசிக்கொண்டிருக்கும் நாம், இன்றைக்கு வாசலில் நிற்கிற பழைய காரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது, 2014 தொடக்கத்தில் தயாரிப்பு நின்றுபோனது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டியாச்சு. அதையோ ஆம்னியையோ கைமாற்றி வாங்கி, மிளகாய் மூட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுகிற வீடுகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

வில்வண்டியில் போனவர்களுக்கு விஷயம் சுலபமாகப் புரியும். அதில் அடுக்கடுக்காக இருக்கும் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், ஆட்டம் தானாகவே ஓரளவு அடங்கிவிடும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உராய்வு கிடையாது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து அடக்குவதற்குத்தான் ஷாக் அப்சார்பர். குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் சிறு துளைகள் உள்ள பிஸ்டன், அவ்வளவுதான். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். மெள்ள அழுத்தினால் இறங்கும், வேகமாக அழுத்தினால் கை திணறும். அதே கதைதான் இங்கேயும்.

ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஷாக். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்று ஷாக் மாற்றினால் காசுதான் போகும். அது பெரும்பாலும் தளர்ந்த ஸ்பிரிங்கின் குற்றம்.

ஷாக் போனால் இடுப்பு வலி மட்டும்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி விடக்கூடாது. மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடும். தரையைத் தொடாத டயருக்குப் பிரேக் ஏது? குறுக்கே ஆடு வந்து நீங்கள் மிதிக்கிறபோது, வண்டி இன்னும் சில அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

போயிருக்கிறதா என்று பார்க்க, காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் பரவாயில்லை. தொட்டில் மாதிரி ஆடினால் போயிற்று. ஆடாததால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். குழாயின் வெளியே எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா, டயர் இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருக்கிறதா, பிரேக் போட்டால் மூக்கு குப்புறக் குனிகிறதா, இதையும் பார்க்கணும். வெறும் ‘டக் டக்’ சத்தத்துக்கு மட்டும் ஷாக்கை மாற்றச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், மேல் மவுண்ட் எதிலிருந்தும் அந்தச் சத்தம் வரும்.

நம் கரைக்கு என்று தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் மாரியூர், வாலிநோக்கம் பக்கத்தில்தான். உப்பு விளைகிற காற்று இரும்பை விடுமா? ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற கிண்ணத்தில் மண்ணும் உப்பும் தங்கி, ஈரத்தை இழுத்து, உள்ளேயே அரிக்கும். ஆகவே ஷாக் வாங்குவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலை பாடியில் பிடிக்கிற இடத்தைப் பாருங்கள். அந்தத் தகடு செல்லரித்த மாதிரி இருந்தால், முதல் செலவு வெல்டிங்குக்கு. துருவில் மாட்டிய புது ஷாக்கால் என்ன பயன்? நட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் போல்ட் தலை முறிந்து நிற்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மாருதியின் முன்பக்கத்தில் இருப்பது ஸ்ட்ரட். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1940களில் வடிவமைத்த முறை இது. அந்த ஸ்பிரிங், வண்டியை ஜாக்கியில் தூக்கிய பிறகும் அமுங்கியேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் உள்ள நடு நட்டு ஒன்றுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதைக் கழற்றினால், ஸ்பிரிங் சீறிக்கொண்டு வரும். முகம் போகும், உயிரும் போகும். கயிறு கட்டி, கம்பி சுற்றிக் கழற்றுகிற கெட்டிக்காரத்தனம் வேண்டவே வேண்டாம். கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பட்டறையில் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வைத்தால் பாரத்தில் நொறுங்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது சக்கரத்துப் பாகத்தைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. புதிய ஷாக்கின் பளபளப்பான தண்டைக் கொறடால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறல் சீலை அறுத்து எண்ணெயைக் கசியவிடும். ரப்பர் உறை, மேல் மவுண்ட் இரண்டும் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பிரித்ததைத் திரும்பப் பிரித்தால் கூலி இரட்டிப்பு.

பின்பக்கத்தில் இவ்வளவு பயமில்லை. ஆம்னியில் பட்டை ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. மேலும் கீழும் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். புஷ் உள்ள போல்ட்டை மட்டும், வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏறின பிறகு முறுக்கணும். தூக்கி வைத்தபடியே முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும்.

மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், முன்னால் இரண்டு, அல்லது பின்னால் இரண்டு. இடது புதுசு, வலது பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் மாற்றி, பெயின்ட் அடித்து மலிவாக விற்கிற பழைய ஷாக்கை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சீல் தேய்ந்தது தேய்ந்ததுதான். முன்பக்கம் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டயர் ஓரம் தேயும். சில நாள் ஓடியதும் நட்டுகளை ஒரு தரம் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஷாக்கை அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ போடாதீர்கள். சிலவற்றில் அழுத்தமான வாயு அடைத்திருக்கும், சூட்டில் வெடிக்கும்.