தடை பற்றும் இடம்

பாகூர் ஏரிக்கரையில் உடைப்பு நேர்ந்தால் ஊரார் வரிசையாக நின்று மண்மூட்டைகளைக் கைமாற்றி அடைப்பர். இடையில் நிற்கும் ஒருவனைத் தடுத்துவிட்டால் அடைப்பு முற்றுப்பெறாது. குருதி உறைதலும் இத்தகையதே. பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி உறைவை உண்டாக்குகின்றன. அவ்வரிசையில் இன்றியமையாத ஒன்று எட்டாம் காரணி.

அது பிறவியிலேயே குறைந்திருக்கும் நோய் ஹீமோபிலியா ஏ எனப்படும். வில்லியனூர்த் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் இடறி விழும் சிறுவர் எழுந்து ஓடிவிடுவர். இந்நோயுடைய சிறுவனுக்கோ முழங்கால் மூட்டினுள் குருதி கசிந்து வீங்கும். குறைந்த காரணியை ஊசி வழியே செலுத்துதல் இதற்கு ஒரு மருத்துவம். ஆயின் நோய் கடுமையாக உள்ளோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பேர் உடலில், அம்மருந்தையே பகையெனக் கொண்டு எதிர்ப்பொருள் தோன்றுகின்றது. காக்க வந்ததை உடலே விலக்குதல் கொடிதன்றோ!

எதிர்ப்பொருளின் வலிமையை அளக்க 1975 முதல் பெதெஸ்தா அலகு வழங்கிவருகின்றது. ஆனால் அஃது எவ்விடத்தைப் பற்றுகின்றது என்பதை அவ்வளவை உரையாது. எட்டாம் காரணியோ 2332 அமினோ அமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலி. ஆறு பகுதிகளை உடையது. அதனுள் பற்றுமிடத்தைக் காண்பது எங்ஙனம்?

இங்கே பன்றி துணைவந்தது. பன்றியின் எட்டாம் காரணியும் மனிதக் குருதியை உறையச் செய்யும்; மனிதக் காரணியைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் பலவோ அதனை நன்கு பற்றா. ஆகவே மனிதக் காரணியில் ஒரு துண்டை நீக்கி, அவ்விடத்தில் பன்றிக் காரணியின் ஒத்த துண்டை அமைத்துக் கலப்புப் புரதங்களை ஆக்கினர். எத்துண்டை மாற்றியதும் எதிர்ப்பொருள் வலியிழந்ததோ, அத்துண்டிலேயே அதன் பற்றுமிடம் உளது. இம்முறையால் 1995இல் அமெரிக்க நாட்டு எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹீலி, லாலர் முதலிய ஆய்வாளர், ஏ2 என்னும் பகுதியில் 484 முதல் 508 வரையுள்ள அமினோ அமிலங்களே முதன்மையான ஓர் இடம் எனக் கண்டனர். அத்துணை நெடிய சங்கிலியில் 25 கண்ணிகள்!

வேறு சில எதிர்ப்பொருள்கள் சி2 என்னும் பகுதியைப் பற்றும். காயத்தருகே திரண்ட குருதித்தட்டுகளின் மேல் எட்டாம் காரணி ஊன்றி நிற்பதற்கு உதவும் பகுதிகளுள் அஃது ஒன்று. ஆகவே ஏ2ஐப் பற்றுவது உழைப்பவன் கையைக் கட்டுதல். சி2ஐப் பற்றுவது அவன் காலை வாருதல்.

பன்றிக் காரணியை ஒத்துச் செய்த மருந்து ஒன்று, வயதுவந்த பின் திடீரென இவ்வெதிர்ப்பொருள் தோன்றியவர்க்காக 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2017இல் அங்கு ஒப்புதல் பெற்ற எமிசிசுமாப் என்பதோ, எட்டாம் காரணியின் வடிவமே இல்லாமல் அதன் பணியைச் செய்வது. ஆதலின் பழைய எதிர்ப்பொருள்கள் அதனைப் பற்றுவதில்லை. வியப்பு யாதெனின், அம்மருந்தும் ஓர் எதிர்ப்பொருளே.