போர் ஓய்ந்த கடல்: மனேயின் ‘புலோனில் கியர்சார்ஜ்’ ஓவியம்

முன்னுரை

கடற்போர் ஓவியங்கள் பெரும்பாலும் பீரங்கிப் புகையையும் முறிந்த பாய்மரங்களையும் முன்னிறுத்துவன. போருக்குப் பிந்தைய அமைதியைப் பொருளாகக் கொண்டவை சிலவே. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1864-இல் தீட்டிய ‘புலோனில் கியர்சார்ஜ்’ அவற்றுள் ஒன்று. இவ்வோவியத்தை வரலாற்றுச் சான்றாக எவ்வாறு அணுகுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

போரின் பின்னணி

அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென்மாநிலக் கூட்டமைப்பின் ஆலபாமா என்னும் போர்க்கப்பல் வடமாநில வணிகக் கப்பல்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தது. பழுதுநீக்கத்திற்காகப் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தை அடைந்த அதனை, ஜான் வின்ஸ்லோ தலைமையிலான கியர்சார்ஜ் வெளிக்கடலில் காத்திருந்து எதிர்கொண்டது. 1864 ஜூன் 19 அன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்த போரில் ஆலபாமா மூழ்கியது. அதன் தலைவர் ரஃபேல் செம்ஸை டியர்ஹவுண்ட் என்னும் ஆங்கிலேய உல்லாசக் கப்பல் மீட்டது.

இரு ஓவியங்கள்

மனே இப்போரை நேரில் காணவில்லை. செய்தித்தாள் விவரங்களைக் கொண்டு அவர் உருவாக்கிய போர்க்காட்சி, ஜூலை மாதமே பாரிசில் அல்பிரட் கடாரின் கடையில் வைக்கப்பட்டது. இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னர்ப் புலோன் கடற்கரைக்கப்பால் நங்கூரமிட்டிருந்த கியர்சார்ஜை அவர் நேரில் கண்டார். அதன் விளைவே நியூயார்க் பெருநகரக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டாம் ஓவியம். உயர்ந்த தொடுவானம், பரந்த நீர்ப்பரப்பு, முன்புறத்தில் ஒரு பாய்ப்படகு, தொலைவில் கரிய கப்பல் என்பனவே அதன் கூறுகள். வெற்றிக் களிப்பும் போர்த்தழும்பும் அதில் முதன்மை பெறவில்லை.

சான்றின் எல்லை

கற்பனைக் காட்சியைவிட, கண்டு வரைந்த ஓவியமே நம்பத்தக்கது என்று கருதுதல் இயல்பு. ஆனால் கியர்சார்ஜின் பக்கங்களில் நங்கூரச் சங்கிலிகள் கவசமாகப் பொருத்தப்பட்டு, மரப்பலகைகளால் மூடப்பட்டிருந்தன. போருக்குப்பின் செம்ஸ் இதனை நேர்மையற்ற செயலெனச் சாடினார். சர்ச்சைக்குரிய அக்கவசம் தொலைவிலிருந்து நோக்குவோர்க்குப் புலப்படாதது. ஓவியத்திலும் அது இல்லை. எனவே நேரில் கண்டதும் முழுமையான சான்றாகிவிடாது.

முடிவுரை

முதல் ஓவியம் போர்ச்செய்தி பாரிசில் எவ்வாறு உள்வாங்கப்பட்டது என்பதற்கும், இரண்டாவது வென்ற கப்பல் கரையிலிருந்தோர்க்கு எவ்வாறு தோன்றியது என்பதற்கும் சான்றாகின்றன. போரின் போக்கை அறிய எழுத்து ஆவணங்களே துணை. ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது எதற்குச் சான்று என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.