நண்பகலில் திணறும் நீர்ச்செடி

அறிவியல் கூடத்தில் ஹைட்ரில்லாவைப் பார்த்திருப்பீர்கள். முகவை நிறைய நீர், அதில் கவிழ்த்து வைத்த புனல், புனலுக்குள் ஒரு கொத்துச் செடி. விளக்கை அருகே கொண்டுவந்தால் தண்டின் வெட்டிய முனையிலிருந்து குமிழிகள் வேகமாக மேலேறும். "ஒளி கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும்" என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆனால், அதே செடி குளத்தில் வாழும்போது கடும் வெயிலே அதற்குச் சோதனையாகிவிடுகிறது. எப்படி?

நண்பகல் நெருக்கடி

கரிவளி காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஹைட்ரில்லாவோ நீர்ப்பரப்பை ஒட்டிப் பாய் விரித்தாற்போல் அடர்ந்து வளரும் செடி. வெயில் ஏறியதும் எண்ணற்ற இலைகள் ஒரே நேரத்தில் ஒளிச்சேர்க்கையில் இறங்குகின்றன. நீரிலுள்ள கரிவளி விரைவாகத் தீர்கிறது. புதிதாக வந்து சேர நேரமாகிறது. நண்பகலுக்குள் கரிவளி கிட்டத்தட்ட இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏறுகின்றன. செடி வெளியிட்ட உயிர்வளி அங்கேயே தேங்குகிறது.

உயிர்வளி தேங்கினால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். இலையில் கரிவளியைப் பிடித்து, சர்க்கரை செய்யும் வேலையைத் தொடங்குவது ரூபிஸ்கோ என்னும் நொதி. அதற்கு ஒரு குறை உண்டு. கரிவளி குறைந்து உயிர்வளி மிகுந்தால், அது உயிர்வளியைப் பிடித்துவிடும். செடி சேர்த்த கரிமத்தில் ஒரு பங்கு வீணாகும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

முதல் உத்தி

கரிவளி தீர்ந்தாலும் நீரில் பைகார்பனேட் மிஞ்சியிருக்கும். ஹைட்ரில்லா தன் இலையின் கீழ்ப்பக்கத்தில் அமிலத்தன்மையை உண்டாக்கி, அங்கே பைகார்பனேட்டைக் கரிவளியாக மாற்றி உறிஞ்சிக்கொள்கிறது. சோதனையின்போது நீரில் சிறிது சோடியம் பைகார்பனேட் கலக்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இரண்டாம் உத்தி

நெருக்கடி பல நாள் நீடித்தால், செடி தன் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றிக்கொள்கிறது. மக்காச்சோளமும் கரும்பும் சி-4 என்னும் முறையைப் பின்பற்றுவதைப் படித்திருப்பீர்கள். அவை கரிமத்தை முதலில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட அமிலமாகப் பிடிக்கின்றன. பிறகு அதை ரூபிஸ்கோ இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கரிவளியாக விடுவிக்கின்றன. முதல் வேலை ஒருவகை உயிரணுவில், அடுத்த வேலை வேறுவகை உயிரணுவில் நடக்கும்.

ஹைட்ரில்லா இலையின் தடிமன் இரண்டே உயிரணுக்கள்தாம். அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு அதில் இடமில்லை. எனவே, ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வேலையும் நடக்கின்றன. திசுப்பாய்மத்தில் கரிமம் பிடிக்கப்படுகிறது, பசுங்கணிகத்தில் விடுவிக்கப்படுகிறது. ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரிவளி நிறைந்துவிடுவதால், அது உயிர்வளியைப் பிடிப்பது குறைகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து வெளிப்படுத்தினர். இந்த மாற்றத்துக்குச் செடி எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 10 நாட்கள்.

அப்படியானால் எப்போதும் இதே முறையில் இருந்துவிடலாமே? சி-4 முறைக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். கரிவளி தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் செலவு தேவையில்லை.

தாக்குப்பிடிப்பதன் மறுபக்கம்

இவ்வளவு கெட்டிக்காரச் செடி, வேற்றிடத்தில் தொல்லையாகவும் மாறும். 1950-களில் மீன்தொட்டிச் செடியாக ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, அங்குள்ள ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைக்கும் களையாகிவிட்டது. ஒரு கணு ஒடிந்து விழுந்தாலே போதும், புதுச்செடி கிளம்பிவிடும்.

நம் நாட்டில் ஹைட்ரில்லா இயற்கையாகவே வளர்கிறது. இங்கே தொல்லை வேறு உருவில் வந்தது. மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் கபோம்பாவின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதில் ஒருவகை பகாங்கின் சினி ஏரியில் பெருகி, உள்ளூர் நீர்ச்செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆகவே, சோதனை முடிந்த செடியையோ மீன்தொட்டிச் செடியையோ கால்வாயில் கொட்டாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

அடுத்த முறை இந்தச் சோதனையைச் செய்யும்போது, விளக்கை நகர்த்தாமல், நீரையும் மாற்றாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குமிழிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒளி மாறவில்லை, அப்படியானால் தீர்ந்துபோனது எது?